போனட்டைத் திறந்தால் 16 வருஷம்!

"இன்னும் ஒரே ஒரு வேலைதாண்டா பாக்கி!" என்று பெரியப்பா என்னிடம் முதன்முதலாகச் சொன்னது 2012-ல். நானும் நம்பினேன்.

விஷயம், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். 1970 மாடல், மார்க் த்ரீ. ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு... மூன்றே ஜாதிதான். முதலாவது கல்கத்தா பக்கம், இரண்டாவது பம்பாய். மூன்றாவது சாட்சாத் நம்ம மெட்ராஸ்! 1961-லிருந்து 1971 வரை ஹெரால்டு இங்கேதான் தயாரானது. டிசைன் போட்டவர் மிச்செலோட்டி என்ற இத்தாலிக்காரர். இரண்டு மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு போனட் முழுசாக முன்பக்கம் சாயும், முதலை கொட்டாவி விட்ட மாதிரி.

ரிட்டயரான கையோடு, 2009-ல் பெரியப்பா அதைப் பிரித்தார். ஹெரால்டில் சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் நாலு பேர் பிடித்துத் தூக்கிவிடலாம். பிரிக்க மூன்றே நாள். சேர்க்கத்தான்...

நட்டு, போல்ட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு 'முன் வலது', 'பின் இடது' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தார். 2011 போகிக்குப் பெரியம்மா வீட்டைச் சுத்தம் பண்ணினாள். பாட்டிலெல்லாம் பளபளவென்று ஊறுகாய்க்கு ரெடி! நட்டெல்லாம் ஒரே பக்கெட்டில்! பெரியப்பா ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. பக்கெட்டோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் இதன் அண்ணன் டிரையம்ப் ஹெரால்டுக்கு இன்றைக்கும் புது ஸ்பேர் கிடைக்கிறதாம். "வரவழைச்சுடலாமே பெரியப்பா?" என்றேன். முறைத்தார். வெள்ளைக்காரன் ஹெரால்டுக்கு ஆள் ஏற இரண்டே கதவு. குடும்பத்தோடு ஏறணுமே என்று நம்ம ஆட்கள் நாலு கதவு வைத்துவிட்டார்கள். பின்கதவு ரப்பர் வேணும் என்று லண்டனில் கேட்டால், 'எந்தப் பின்கதவு?' என்பான்! ஆகவே, புதுப்பேட்டை. பழைய ரப்பர் ஒரு சாண் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் புடவைத் துணி மேட்ச் பார்க்கிற மாதிரி கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் கிடைத்தது எந்த வண்டியின் ரப்பரோ, பிளேடால் சீவி ஒட்டினோம்.

பி.காம். படித்தவன் என்பதால் செலவு நோட்டு என் பொறுப்பு. ஒரே நிபந்தனை, கூட்டிப் பார்க்கக் கூடாது! தேய்மானத்தில் 'குறைந்து செல் மதிப்பு முறை' என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் மதிப்பு குறையுமே தவிர, கணக்குப்படி பூஜ்யம் ஆகவே ஆகாது. பெரியப்பாவின் பாக்கி வேலையும் அந்த முறைதான்.

2021-க்கு அப்புறம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் கார்புரேட்டர் ஜெட்டை மாட்டும்போது நழுவி உருண்டது. நான் குனிந்தேன். "நீ விடுடா!" என்று அவரே தவழ்ந்து போய் எடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி தவழ்ந்தார். மூன்றாவது தடவை எடுத்து, ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையில் வைத்தார். அன்றிலிருந்து ஸ்பானர் என்னிடம், திட்டு அவரிடம்.

போன மாசம் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! டாக்டர் அவரை ஓட்டக் கூடாது என்று சொல்லியிருப்பதால், டிரைவர் அடியேன். பக்கத்தில் பெரியப்பா. அந்தப் பிரசித்தி பெற்ற பின்கதவைத் திறந்து பெரியம்மா ஏறினாள்.

முட்டுச் சந்து முனையில் ரிவர்ஸ் எடுக்கப் போனேன். "ரிவர்ஸ் எதுக்குடா? இது ஹெரால்டு! நல்லா ஒடி!" என்று அதட்டினார். ஒடித்தேன். 25 அடி வட்டத்துக்குள், நாய்க்குட்டி வாலைத் துரத்துகிற மாதிரி, ஒரே திருப்பில் திரும்பிவிட்டது!

வீட்டு வாசலில் நிறுத்தியதும், இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று ஜாடை காட்டிவிட்டு, சுற்றி வந்தார். நான் இறங்கி வழிவிட்டேன். உட்கார்ந்து ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். நடுங்கியது கையா, இன்ஜினா... தெரியவில்லை.

பெரியம்மா பின்சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

"பெட்ரோல் இருக்குல்ல? கோயில் வரைக்கும் போயிட்டு வந்துடலாமே..." என்றாள்.