காய் முற்றும் முன்பே பிடுங்க வேண்டும்

கண்மாயில் தண்ணீர் வற்றி ஈரம் மட்டும் மிஞ்சும் நாட்களில், பல ஊர்களில் முதலில் பச்சை கட்டுவது அறுகம்புல் அல்ல, மருளூமத்தை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் இந்தக் களை, மேய்க்கால் புறம்போக்குகளிலும் புல்லை நெருக்கி வெளியேற்றுகிறது. ஆக்கிரமிப்பு போக எஞ்சிய மேய்ச்சல் நிலத்தையும் இப்படி முள்ளுக்குக் கொடுத்துவிட்டால் ஆடு மாடு வைத்திருப்பவர் எங்கே போவார்?

அடையாளம் காண்பது கடினமில்லை. சொரசொரப்பான அகன்ற இலை, புள்ளி விழுந்த தண்டு, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய காய். காயைச் சுற்றிலும் கொக்கி முட்கள். மாட்டின் வால் குஞ்சத்தில் நாலு காய் ஒட்டிக்கொண்டால் மயிரோடு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். வளர்ந்த செடியைக் கால்நடைகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆபத்து முளையில் இருக்கிறது. நீண்டு தடித்த இரண்டு விதையிலைகள் விரிந்திருக்கும் பருவத்தில்தான் நஞ்சு அதிகம். வேறு பசுமை இல்லாத வேளையில் அதை மேய்ந்த மாடு, கல்லீரல் கெட்டு ஓரிரு நாளில் சாகக்கூடும். காரணம் தெரியாமல் பாம்பு கடித்திருக்கும் என்று புதைத்துவிடுவதும் உண்டு.

ஒவ்வொரு காய்க்குள்ளும் இரண்டு விதைகள். பெரும்பாலும் ஒன்று முந்தி முளைக்கும்; மற்றது அடுத்த ஆண்டுக்கோ அதற்கும் பிறகோ காத்துக் கிடக்கும். ஒருமுறை பொக்லைன் விட்டு வழித்துவிட்டு ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று கணக்கு எழுதுவதை நாம் ஏற்க முடியாதது இதனால்தான். அதுவும் காய் உதிர்ந்த பிறகு இயந்திரம் இறங்கினால், அது களையெடுப்பல்ல, விதைப்பு. உதிர்ந்த காய் மிதந்து வாய்க்கால் வழியே அடுத்த கண்மாய்க்கும் போகும். கீதாரிகளின் கிடை நகரும்போது ஆட்டோடு மாவட்டமும் தாண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் பருத்தி விதையோடு சென்ற இதன் இனம், நூகூரா என்ற பண்ணையின் பெயரையே தனக்கு வாங்கிக்கொண்டு ஆட்டு ரோமத்தைப் பாழாக்கியது.

தமிழக அரசு 2022-இல் அந்நியக் களைகளுக்கென ஒரு கொள்கை வகுத்தது. அதன் கவனம் முதன்மையாகக் காடுகள் மீதே. ஊர் மேய்ச்சல் நிலத்துக்கும் அதே அக்கறை வேண்டும். ஊரக வேலைத் திட்டத்தில் இதைத் தனிப் பணியாகச் சேர்த்து, பூக்கும் முன் ஒரு சுற்று, தப்பியவற்றுக்கு மறு சுற்று என்று கையால் பிடுங்கச் செய்ய வேண்டும். சாண் உயரச் செடியும் காய்க்கும். குட்டைதானே என்று விட்டுவிடக் கூடாது. காய் பிடித்த செடிகளைக் குவித்து எரிக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள் இது தொடர வேண்டும். வெறும் மண்ணாகக் கிடந்தால் களை திரும்பும். எனவே மேட்டு மேய்க்காலில் கொழுக்கட்டைப்புல்லும் முயல் மசாலும் விதைப்பதற்கான செலவை அதே மதிப்பீட்டில் எழுத வேண்டும். கண்மாய் வற்றத் தொடங்கும் மாசிக்குள் ஊராட்சிகளுக்கு இதற்கான ஆணை போய்ச் சேர வேண்டும். பங்குனி, சித்திரை என்று தள்ளிப்போனால் காய் முற்றிவிடும்.