வீக் எண்ட் விசிட்: ஒரே நாளில் இரண்டு தலைநகரங்கள்!

வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கும் பெங்களூரு டிராஃபிக்கில் போய் நிற்கணுமா? ஓசூர்வாசிகளே, இந்த ஞாயிறு வண்டியை கிருஷ்ணகிரி பக்கம் திருப்புங்கள்.

முதல் ஸ்டாப், குந்தாணி. குருபரப்பள்ளி அருகேயுள்ள இன்றைய சின்னகொத்தூர். 13-ம் நூற்றாண்டில் ஹொய்சாள மன்னன் வீர ராமநாதன், திருச்சி பக்கமிருந்த கண்ணனூரைப் பாண்டியரிடம் இழந்தபின் இங்கிருந்துதான் ஆண்டான். அவன் சகோதரன் நரசிம்மனின் தலைநகர் கர்நாடகத்தின் ஹளேபீடு. அதன் கோயில் 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டூரிஸ்ட் பஸ்கள் குவிகின்றன. ராமநாதனின் தலைநகரோ, நெடுஞ்சாலையில் பறப்பவர்களுக்குத் தெரியாத சின்ன கிராமம்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு தருமபுரிக்கு விடுங்கள். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் தகடூர் இதுதான். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய சுவரோவியங்களைத் தவறவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். குழந்தைகளுக்குக் கல்வெட்டைக் காட்டுங்கள். அதன்மேல் பெயர் கிறுக்கவோ, எண்ணெய் பூசவோ விடாதீர்கள். குந்தாணி தலைநகராக இருந்ததற்கு அந்த எழுத்துகள்தான் சாட்சி!