வண்டி மலிவு, வில்லங்கம் இலவசம்!

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் நம் வணிகர்களுக்குக் கண்மூட நேரம் இராது. தென்காசி மொத்தக் கடைகளில் சரக்கை ஏற்றி, விடியுமுன் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் கொண்டு சேர்க்க வேண்டும். இதற்குச் சொந்த வண்டி வேண்டும். புது வண்டிக்கு முதல் போட எல்லோராலும் ஆவதில்லை. எனவே பழைய வண்டியைத் தேடுகிறோம். புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு. அதற்கப்பால் புனலூர், கொல்லம். அங்கே வண்டி நன்றாக இருக்கிறது, விலையும் தோதாக இருக்கிறது என்று தரகர் சொல்கிறார். முன்பணம் கைமாறிவிடுகிறது.

இது தவறென்று நாம் சொல்லவில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். எல்லைக்கோடு இடம் மாறிய பிறகும் மலைக்கு இருபுறமும் கொடுக்கல் வாங்கல் நின்றதில்லை. ஆனால் ஒரு கேள்வி. துவரம்பருப்பு மூட்டை வந்தால் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகுதானே விலை பேசுகிறோம்? மாடு வாங்கினால் பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். லட்சக்கணக்கில் பணம் போட்டு வண்டி வாங்கும்போது மட்டும் பெயிண்டையும் டயரையும் பார்த்துத் திருப்தி அடைவது என்ன நியாயம்?

2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் நடந்ததை நம் உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொச்சி சுங்கத்துறையினர் 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் பல ஊர்களில் ஒரே நாளில் சோதனை நடத்தி முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கைப்பற்றினர். 'நும்கோர்' என்றால் பூட்டான் மொழியில் வண்டி. பூட்டானில் ஓடிய பழைய சொகுசு வண்டிகளை வரி கட்டாமல் தரைவழியே உள்ளே கொண்டுவந்து, ராணுவத்திலிருந்தும் தூதரகங்களிலிருந்தும் வந்தவை போல் போலிக் காகிதம் தயாரித்து, வட மாநிலங்களில் பதிவு செய்து, பிறகு தெற்கே விற்றிருக்கிறார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. கேரளத்துக்கு மட்டும் 150 முதல் 200 வண்டிகள் வரை வந்திருக்கலாம் என்றும், இதன் பின்னணியில் கோவையைச் சேர்ந்த கும்பல் இருப்பதாகவும் அப்போது கூறப்பட்டது.

இதில் நமக்குப் பாடம் என்ன? அந்த வண்டிகளுக்கு எண் பலகை இருந்தது, ஆர்.சி. இருந்தது, கணினியில் தட்டினால் விவரமும் வந்தது. இருந்தும் கைவிட்டுப் போயின. நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கினேன் என்று ஒரு திரைநடிகர் கேரள உயர்நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. பலசரக்குக் கடை வைத்திருக்கும் நமக்கு?

கடையநல்லூரிலும் சுற்று வட்டாரத்திலும் வளைகுடா நாடுகளில் பிழைக்கும் பிள்ளைகள் இல்லாத தெரு கிடையாது. "அங்கே ஓட்டிய காரைக் கப்பலில் ஏற்றி வந்துவிடலாம், மச்சான்" என்று பேச்சு அடிபடுகிறது. வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இறக்குமதி செய்ய அரசு வைத்திருக்கும் நிபந்தனைகளை அவர்கள் அறிய வேண்டும். கார் தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இன்னும் ஐந்து ஆண்டாவது ஓடும் தகுதி இருக்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வளைகுடாவில் ஓடுவதோ இடப்பக்க ஸ்டியரிங்! இத்தனையும் பொருந்தி வந்தாலும் சுங்கத் தீர்வை காரின் மதிப்பையே மிஞ்சிவிடும். அப்படியானால் 'வெளிநாட்டு வண்டி, பாதி விலை' என்று ஒருவர் நீட்டும்போதே நமக்குப் பொறி தட்ட வேண்டாமா?

இறக்குமதி வண்டி என்றால் பதிவு செய்யும்போது சுங்கத்துறையின் அனுமதிச் சான்று வைக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ராணுவத்தில் ஏலம் எடுத்தது என்றால் 21ஆம் எண் படிவத்தில் அசல் விற்பனைச் சான்று வேண்டும். இவற்றைக் கேளுங்கள். 'அதெல்லாம் முதல் ஓனரிடம் இருக்கிறது' என்ற பதில் வந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அந்த டீக்காசோடு நஷ்டம் முடியும்.

இனி, நாம் அன்றாடம் வாங்கும் கேரளப் பதிவு வண்டிக்கு வருவோம். இதில் கடத்தல் இல்லை. நம் அசட்டைதான் வில்லங்கம். நம் உறுப்பினர் ஒருவர் எல்லைக்கு அப்பால் பழைய சரக்கு வேன் ஒன்று வாங்கினார். கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை மட்டும் பெற்றுக்கொண்டு வந்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் ஓட்டினார். பிறகுதான் தெரிந்தது, முந்தைய உரிமையாளர் வாங்கிய கடன் அடைபடவில்லை என்று. சீசன் மும்முரத்தில் கடன் கொடுத்தவர்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். தரகரின் தொலைபேசி அடித்தது, எடுக்கத்தான் ஆளில்லை. தவணையில் சேர்த்த காசு ஒரே நாளில் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்குள்ள எண்ணுக்கு மாற்ற வேண்டும். நமக்கு அது 76ஆம் எண் வரிசை. வரிக்கு மாநில விதி தனி. பன்னிரண்டு மாதம் வரிக்கும் தவணை என்று நினைத்துவிடக் கூடாது. பதிவான அலுவலகத்தில் 28ஆம் படிவம் கொடுத்து ஆட்சேபணை இல்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்க வேண்டும். இங்கே புது எண்ணுக்கு 27ஆம் படிவம். பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடன் தீர்ந்ததற்கு 35. என்.ஓ.சி. தருமுன் வண்டி மீது திருட்டு வழக்கு இல்லை என்று போலீஸ் அறிக்கை பெற்று, வரிபாக்கியும் பார்க்க வேண்டும் என்று சட்டமே அந்த அலுவலகத்துக்குக் கடமை விதித்திருக்கிறது. நாம் போய் விசாரிக்க முடியாததை அரசே விசாரித்துத் தருகிறது. இதை அலைச்சல் என்று எண்ணாதீர்கள்; நம் முதலுக்குக் காவல் என்று எண்ணுங்கள். என்.ஓ.சி. கைக்கு வருமுன் முழுப்பணமும் கொடுக்காதீர்கள். சேஸிஸ் எண்ணைப் பென்சில் தடவிக் காகிதத்தில் எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள்.

"அண்ணாச்சி, எல்லையிலேயே இருக்கிறோம், எந்த நம்பரில் ஓடினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மலைப்பாதை வளைவில் ஒரு விபத்து நேர்ந்தால் அப்போது தெரியும் என்ன என்று. பாலிசி வேறொருவர் பெயரில் இருக்க, வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். பழைய வேனைத் தள்ளிவிட்டோம், இனி நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் நோட்டீஸ் நம் கடை வாசலுக்குத்தான் வரும்.

அரசுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. என்.ஓ.சி. மனுவை முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும். திருப்பாவிட்டால் சான்று அளித்ததாகவே கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. இன்று நாடு முழுவதற்கும் வாகனப் பதிவு கணினியில் இருக்கிறது. அங்கே கட்டிய ஆயுள் வரியின் மிச்சத்தை இரு மாநிலங்களும் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டால் என்ன? சிறு வணிகன் இங்கே வரியைக் கட்டிவிட்டு, அங்கே கொடுத்ததைத் திரும்பப் பெறக் கடையைப் பூட்டிவிட்டு நடையாய் நடக்க வேண்டுமா? நாலைந்து மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனி ஊழியருக்கு 2021 முதல் 'பி.எச்.' வரிசை எண் கிடைக்கிறது. எல்லைப்புறக் கடைக்காரருக்கும் ஒரு வழி காண வேண்டும். ஆனால் சோதனையைத் தளர்த்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. அது தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை நும்கோர் காட்டிவிட்டது. சோதனை கடுமையாக இருக்கட்டும், தாமதம்தான் வேண்டாம்.

வணிகப் பெருமக்களே! வண்டி வாங்கப் போகுமுன் காகிதங்களின் நகலோடு நம் சங்க அலுவலகத்துக்கு ஒருமுறை வாருங்கள். முன்பு வாங்கி அனுபவப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாலு பேர் கண் பட்டால் ஓட்டை தெரிந்துவிடும். எடைக்கல்லில் ஒரு கிராம் குறைந்தால் பொறுக்காத நாம், ஆர்.சி.யில் ஒரு எழுத்து பிசகினாலும் பொறுக்கக் கூடாது. அடுத்த சாரலுக்குள் கேரள எண்ணில் ஓடும் நம் உறுப்பினர்களின் வண்டிகளெல்லாம் முறைப்படி மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.