நம் பெண் பிள்ளைகளின் ஓவியங்களை யார் பாதுகாப்பது?

"லாயரம்மா, படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?"

வேறொரு வழக்கு விஷயமாக என் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. மகளுக்கு 17 வயது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவள் தன் பாட்டியை வரைந்து வைத்திருந்தாளாம். தலையில் துண்டு, கையில் பால் வெட்டும் கத்தி, காலடியில் வாளி. பி.பி.ஆர். அடுக்குமாடி வீட்டின் சுவரில் தண்ணீர் கசிந்து படங்கள் எல்லாம் நனைந்து போயின. குப்பையில் போட்டுவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தாய் இப்படிக் கேட்டார்.

"கிடைக்கும்" என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து வேறொரு கேள்வி என்னை விடவில்லை. ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டிமார் மூன்று தலைமுறை உழைத்தார்கள். அவர்களை நம் பெண்களே வரைந்த படங்கள் எத்தனை? அவற்றை யார் வைத்திருக்கிறார்கள்?

சிவப்பு அடையாள அட்டை, வீட்டுப் பிரச்சினை, தமிழ்ப்பள்ளி நிலம் என்று நமக்கு ஆயிரம் போராட்டங்கள் இருக்கும்போது ஓவியம் ஒரு கேடா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் பதில் ஒன்றே. சாட்சி இல்லாத வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது. இந்த நாட்டில் நாம் வாழ்ந்தோம், உழைத்தோம் என்பதற்கு நம் பெண்கள் வரைந்ததும் தைத்ததும் சாட்சிதான். அந்தச் சாட்சியை நாமே குப்பையில் போட்டால், நாளை யாரிடம் போய் முறையிடுவது?

இதே அநியாயம் உலகெங்கும் பெண்களுக்கு நடந்திருக்கிறது. அதை மாற்ற ஒரு பெண் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவைச் சேர்ந்த வில்ஹெல்மினா ஹாலடே 1970-களில் கணவருடன் ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கே கிளாரா பீட்டர்ஸ் என்ற பெண் ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஓவியங்களைப் பார்த்து வியந்தார். ஊர் திரும்பியதும் அவரைப் பற்றி அறிய, கல்லூரிகளில் பாடநூலாக இருந்த ஜான்சனின் கலை வரலாற்று நூலைப் புரட்டினார். 1962-இல் வெளிவந்த நூல் அது. அதில் கிளாரா பீட்டர்ஸின் பெயர் இல்லை. வேறு எந்தப் பெண் ஓவியரின் பெயரும் இல்லை! நல்ல ஓவியங்கள் கண்ணெதிரே தொங்கின. ஆனால் வரலாற்றில் அவற்றுக்கு இடம் தரப்படவில்லை.

அந்தத் தம்பதியர் பெண்களின் படைப்புகளையே தேடிச் சேர்த்தார்கள். 1981-இல் பெண் கலைஞர்களுக்கான தேசிய அரும்பொருளகம் என்ற அமைப்பைப் பதிவு செய்தார்கள். அப்போது அதற்குக் கட்டடம் கிடையாது. முதல் ஐந்து ஆண்டுகள் அவர்கள் வீடுதான் அரும்பொருளகம். தொண்டர்கள் மக்களை அழைத்துப் போய்ப் படங்களை விளக்கினார்கள். பிறகு வாஷிங்டன் நகரில், பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத ஃப்ரீமேசன் சங்கத்தின் பழைய கட்டடத்தையே விலைக்கு வாங்கி, 1987-இல் திறந்தார்கள். ஹாலடே அம்மையார் 2021-இல், 98 வயதில் காலமானார். அரும்பொருளகம் புதுப்பிக்கப்பட்டு 2023 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே 5,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன.

"அவர்கள் பணக்காரர்கள், செய்தார்கள். நம்மால் முடியுமா?" இதுவும் நியாயமான கேள்வியே. ஹாலடே வசதியானவர், மறுக்கவில்லை. ஆனால் பணத்தை மட்டும் நம்பி அந்த இடம் நிற்கவில்லை. அதைத் தாங்குவது உறுப்பினர் சந்தாவும் தொண்டர் குழுக்களும். அமெரிக்க மாநிலங்களிலும் வேறு நாடுகளிலும் அதற்குக் குழுக்கள் உண்டு. 2008 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இந்தக் குழுக்கள் தங்கள் வட்டாரத்தில் அதிகம் அறியப்படாத பெண் கலைஞர்களை முன்மொழிகின்றன. தேர்வு பெற்றவர்களின் படைப்புகள் வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. 2012 கண்காட்சியின் கருப்பொருள் நூலும் இழையும். தையலையும் நெசவையும் "வீட்டு வேலை" என்று ஒதுக்கிய உலகத்துக்கு, இதுவும் கலைதான் என்று காட்டினார்கள்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது என்ன? சந்தா கட்டுபவர் வெறும் பார்வையாளர் அல்லர். "இந்தப் பெண்ணின் படைப்பை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்" என்று பரிந்துரைக்கும் இடத்துக்கு அவர் வரலாம்.

அங்கே படைப்புகள் இடம்பெற்றுள்ள அல்மா தாமஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கதையும் நமக்குத் தேவை. வாஷிங்டன் பள்ளி ஒன்றில் 35 ஆண்டுகள் ஓவிய ஆசிரியை. 1960-இல் ஓய்வு பெற்ற பிறகுதான் முழுநேரமாக வரைந்தார். 1972-இல், 80 வயதில், நியூயார்க்கின் விட்னி அரும்பொருளகத்தில் தனிக் கண்காட்சி நடத்திய முதல் கறுப்பினப் பெண் ஆனார். இப்படித் தாமதமாகவேனும் வெளிச்சத்துக்கு வந்தவர்கள் சிலர். வராமலே போனவர்கள் எத்தனை பேர்!

பெண்களுக்குத் தனி அரும்பொருளகம் எதற்கு, இது அவர்களை ஓரங்கட்டாதா என்று அந்நாளில் பலர் எதிர்த்தார்கள். பெண்ணுரிமை பேசியவர்களே சிலர் எதிர்த்தார்கள். நமக்கு இது பழகிப்போன வாதம். தமிழ்ப்பள்ளி தனியாக எதற்கு என்று நம்மிடமும் கேட்கவில்லையா? பொது மேடையில் இடம் கிடைத்தால் தனி மேடை தேவையில்லைதான். ஆனால் கிடைத்ததா? அமெரிக்காவின் 26 பெரிய அரும்பொருளகங்கள் 2008 முதல் 2018 வரை சேர்த்த படைப்புகளில் பெண்களுடையவை 11 விழுக்காடு மட்டுமே என 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 1987-இல் கட்டடம் திறந்து 30 ஆண்டுகள் கழிந்த பிறகும் இதுதான் நிலை! தனி மேடையும் வேண்டும், பொது மேடையில் நம் பங்கும் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விடக்கூடாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. 1958-இல் தொடங்கப்பட்டு நம் வரிப்பணத்தில் இயங்குவது. பினாங்கில் பிறந்த நிர்மலா டத் சண்முகலிங்கம் (1941–2016) போன்ற இந்திய வம்சாவளிப் பெண் ஓவியர்கள் இந்த நாட்டில் உருவாகியிருக்கிறார்கள். போரையும் சுற்றுச்சூழல் சீர்கேட்டையும் துணிந்து வரைந்தவர் அவர். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றோடு "பாலினம்" என்ற சொல்லும் 2001-இல் சேர்க்கப்பட்டது. அரசியலமைப்பு அனுமதித்த விதிவிலக்குகள் தவிர, இவற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது. ஆகவே, தேசியச் சேகரிப்பில் இந்தியப் பெண்களின் படைப்புகள் எத்தனை, ஆண்டுதோறும் எத்தனை வாங்குகிறீர்கள் என்று கடிதம் எழுதிக் கேட்பது பிச்சை அல்ல. குடிமக்களின் உரிமை.

கேட்பதோடு நின்றுவிடாமல் நாமும் செய்வோம். 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே அது சங்கம், பதிவு செய்ய வேண்டும். அப்படியானால் ஏழு பெண்கள் போதும், ஒரு கலை ஆதரவுக் குழு தொடங்கலாம்! ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி என்றால் ஆண்டுக்கு 420 வெள்ளி. வர்ணமும் தாளும் வாங்கலாம். பிள்ளைகளைப் பேருந்தில் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம். ஆலய மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ ஆண்டுக்கு ஒரு கண்காட்சி வைக்கலாம். ஹாலடே தொடங்கியது தன் வீட்டுக் கூடத்தில்தானே!

ஒரு வேலையை மட்டும் இன்றே செய்யுங்கள். உங்கள் மகள் வரைந்த படத்தின் பின்னால் அவள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்து, தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள். பெயர் எழுதாத படம் யாருடையது என்று நாளை நிரூபிப்பது கடினம்.

அந்தத் தாயிடம் கடைசியில் நான் சொன்னது இதுதான்: "சோறு கிடைக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா அந்தப் பாட்டியை உங்க மக வரையலைன்னா வேற யார் வரைவா?" அடுத்த முறை வந்தபோது, மகள் புதிதாக வரைந்த ஒரு படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்தார். பின்னால் பெயரும் தேதியும் இருந்தன.

சிந்திப்போம்! ஏழு பேராகச் சேர்வோம்!