கூடுதல் பொறுப்பு போதாது

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவை யார் கவனிக்கிறார்கள் என்று விசாரித்தால், பல பல்கலைக்கழகங்களில் ஒரு பேராசிரியரைக் கைகாட்டுவார்கள். அவர் வகுப்பெடுக்கிறார், நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பார்க்கிறார், நாக் தரமதிப்பீட்டுக்குக் கோப்பு சேர்க்கிறார்; அதோடு இதையும் பார்க்கிறார். ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு அறவே உதவாது. அவர்களுக்கான உதவிக்கென முழுநேரத் தலைமை ஒன்றை நியமிக்க வேண்டும். ஏனாத்தூரிலும் காரைப்பேட்டையிலும் உயர்கல்வி வளாகங்களை வைத்திருக்கும் காஞ்சிபுரத்திலேயே இதைத் தொடங்கலாம்.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அதைச் சேர்த்ததுடன், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடங்களையும் ஒதுக்கியது. பள்ளிப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எனச் சலுகைகள் உண்டு. இவற்றின் துணையோடு பிளஸ் டூ தாண்டி வருகிற பிள்ளைக்குக் கல்லூரி வாசலில் சிக்கல் தொடங்குகிறது. முன்னறிவிப்பின்றி மாறும் வகுப்பறை, கண்ணைப் பார்த்துப் பேசாததற்காக வைவாவில் குறையும் மதிப்பெண், குழுவாகச் செய்ய வேண்டிய புராஜெக்ட், விடுதி மெஸ்ஸின் இரைச்சல் என்று அது நீளும். பாடம் புரியாமல் தோற்பவர்களை விட இவற்றால் படிப்பை விடுபவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில் அம்மா வந்து உட்காருகிறார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் இதற்கு என்ன விலை என்று யோசிக்க வேண்டும். கோர்வைச் சேலைக்குத் தறியில் இன்னொரு ஆள் வேண்டும். கரை நாடாவை வாங்கிப் போடும் அந்தக் கை பெரும்பாலும் வீட்டில் உள்ள ஒருவருடையதுதான். அவர் கல்லூரி வராந்தாவில் காத்திருந்தால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். பல்கலைக்கழகம் மிச்சப்படுத்தும் ஒரு சம்பளத்தை உண்மையில் அந்த வீடுதான் கட்டுகிறது.

இரண்டு மூன்று மாணவருக்காக ஒரு பதவியா என்று கேட்பார்கள். ஆதரவு இல்லாத இடத்தில் யாரும் சான்றிதழைக் காட்ட முன்வருவதில்லை. எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இது புதிதும் அல்ல; அமெரிக்காவின் மார்ஷல் பல்கலைக்கழகம் 2002லேயே ஆட்டிசம் மாணவர்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. 2019இல் அத்திவரதர் தரிசனத்துக்காக 48 நாள் ஊரையே மாற்றியமைத்து, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசையும் போட்ட ஊருக்கு ஒரு பதவியை உருவாக்குவது மலைப்பான காரியமல்ல.

யாரை நியமிப்பது? பணிமூப்புக்குப் பரிசாகத் தரும் நாற்காலியாக இது ஆகிவிடக் கூடாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக, ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு பணியாற்றியவராக இருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கான தெரபி அனுபவம் மட்டும் போதாது. பயிற்சி பெற்றவர்கள் கிடைக்கமாட்டார்கள் என்ற சாக்கும் எடுபடாது. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. அந்த ஊர் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

தகுதியை விட முக்கியமானது அதிகாரம். தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் மனுக் கொடுத்துக் காத்திருக்கும் தலைமையால் பயனில்லை. கூடுதல் நேரம், தனி அறை, வைவாவுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வு ஆகியவற்றை அவரே முடிவு செய்து, துணைவேந்தருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் நிலை வேண்டும். பள்ளிச் சிறப்பாசிரியர்களைப் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வைத்திருக்கும் பழக்கம் இங்கேயும் தொற்றினால் நல்லவர்கள் ஓராண்டில் போய்விடுவார்கள். தேர்வுக் குழுவில் ஆட்டிசம் உள்ள ஒருவரும் பெற்றோர் ஒருவரும் வாக்குரிமையோடு அமர வேண்டும்.

சேர்க்கை தொடங்கும் முன் விளம்பரம் வெளியாக வேண்டும். சம்பள விகிதமும் அதிகார வரம்பும் அந்த விளம்பரத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.