தறிவீட்டுக்கு ஒரு பூனைக்கதவு

பட்டு நெய்கிற ஊரில் எலியைப் பற்றி அலட்சியமாகப் பேச இயலாது. நெற்குதிரில் புகுந்த எலி தின்றது போக மிச்சத்தை அளந்து பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் கஞ்சி தோய்த்து, தெருவில் நீட்டி உலர்த்தி, தறியில் ஏற்றி வைத்த பாவின்மீது ஒரு சுண்டெலி ஓரிரவு உலாவி, கஞ்சியின் ருசிக்காகவோ தன் வளைக்கு மெத்தை தேடியோ ஒரு விரற்கடை அகலத்துக்கு இழைகளைக் கத்தரித்துவிட்டால், மறுநாள் காலையில் நெசவாளிக்கு நேர்கிற நஷ்டம் அந்த இழைகளின் கிரயத்தோடு நிற்பதில்லை. அறுந்த முனைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, ஒட்டு இழை சேர்த்து முடிந்து, விழுதிலும் அச்சிலும் வரிசை மாறாமல் கோத்து, முடிச்சுகள் சேலையின் உடலில் தழும்பாகத் தெரியாதபடி நெய்து தேறுவதற்குள் அன்றைய கூலி முழுவதும் போய்விடுகிறது. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியோ பட்டுக்கும் அரிசிக்கும் ஒருங்கே பெயர் பெற்ற ஊர். வயிற்றுக்கு அரிசியும் வளைக்குப் பட்டும் ஒரே தெருவில் கிடைக்கும்போது, எலி வேறு ஊர் தேடிப் போவதற்கு முகாந்திரமே இல்லை.

நாட்டு ஓடு வேய்ந்து, நடுவே முற்றமும் பின்னே கொல்லையுமாக அமைந்த பழைய தறிவீடுகளில், பூனை வந்துபோவதற்கு எவரும் வழி செய்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கூரைச் சரிவும், முற்றத்துத் திறப்பும், கம்பி மட்டும் போட்ட ஜன்னலும் அதற்கு ராஜபாட்டையாக இருந்தன. இன்று ஆரணியிலும் சேவூரிலும் தேவிகாபுரத்திலும் பழைய வீடு இடிந்த இடத்தில் எழும்புகிற கான்கிரீட் வீட்டில் முற்றம் இல்லை, ஜன்னலுக்குக் கொசுவலை, கொல்லைப்புறத்துக்கு இரும்புக் கதவு. பூனையின் வழிகளை இவ்வாறு ஒவ்வொன்றாக அடைத்துவிட்ட நாம், எலியின் வழிகளை மட்டும் அடைக்கவில்லை. பென்சில் நுழைகிற துளை இருந்தால் சுண்டெலிக் குஞ்சுக்குப் போதும் என்கிறபோது, கழிவுநீர்க் குழாயைச் சுற்றிய இடுக்கும், மின்கம்பி வருகிற துளையும், கதவின் கீழ்ச் சந்தும் அதற்குச் சிங்கார வாயில்களே அல்லவா? ஆகவே, சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் சீமைப் பூனை வளர்ப்போர் தருவித்துக்கொள்ளும் ஆடம்பரம் என்று நம்மவர் நகைக்கிற பூனைக்கதவானது, தறி உள்ள வீட்டுக்கு உள்ளபடியே தேவையான ஒரு தச்சுவேலை என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு முதல் ஆட்சேபம் நெசவாளியிடமிருந்தே வரும் என்பதை அறிவேன். எலி கத்தரித்தால் ஒரு விரற்கடை. பூனை நகம் பட்டாலோ பாவு முழுவதும் போச்சு என்பார். நியாயமான பேச்சுதான். ஆடுகிற விழுதையும், குறுக்கே பாய்கிற நாடாவையும், தரையில் உருள்கிற தார்க்குச்சியையும் கண்டு சும்மா இருக்கிற பூனை இன்னும் பிறக்கவில்லை. ஆனால் தறி ஆடுவது பகலில். எலி நடமாடுவது இரவில். நம் வீடுகளின் வழக்கமோ நேர்மாறானது: பகலெல்லாம் பூனையை நடுக்கூடத்தில் படுக்க விட்டுவிட்டு, விளக்கணைக்கும் நேரத்தில் அதைத் தூக்கி வெளியே போட்டுக் கதவைச் சாத்துகிறோம், வேலைக்காரனை வேலை நேரத்தில் வெளியே நிறுத்துகிற விவேகம் இது. பூனைக்கதவை, பூனை இஷ்டம்போல் வெளியே போவதற்கான வசதி என்று எண்ணுவோர் அதன் பாதிப் பயனையே அறிந்தவர்கள். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று வீட்டுக்காரர் விதிக்கிற முறையைப் பூனை தானாகவே அனுசரிக்கும்படி செய்கிற கருவி அது. இரவில் பாவின்மீது ஒரு பழைய வேட்டியை விரித்து மூடி, குழித்தறியின் குழிக்கு மேல் ஒரு பலகையும் போட்டுவிட்டால், நகத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பட்டுக்கும் பூனைக்கும் உள்ள உறவை ஜப்பானியர் நம்மைவிட மரியாதையாகப் பேணியிருக்கிறார்கள். கியோத்தோ மாகாணத்தின் வடகோடியிலுள்ள தாங்கோ என்ற பிரதேசம் பட்டு நெசவுக்குக் கீர்த்தி பெற்றது. அங்குள்ள கொதோஹிரா ஆலய வளாகத்தில் ஒரு சிறு சன்னிதியின் முன்னே, பிற ஆலயங்களில் சிங்கமுகக் காவல் மிருகங்கள் அமர்ந்திருக்கும் இடத்தில், 19ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இரண்டு கற்பூனைகள் அமர்ந்திருக்கின்றன. பட்டுப்புழுவையும் நூலையும் எலியிடமிருந்து காத்த பிராணிக்கு அந்த ஊர் செலுத்திய நன்றி அது. வடகிழக்கிலுள்ள தாஷிரோஜிமா என்னும் தீவில் மனிதரைக் காட்டிலும் பூனைகள் அதிகமாகிப்போனதற்கும், அங்கே முன்பு பட்டுப்புழு வளர்த்தவர்கள் எலியை விரட்டப் பூனைகளைப் பேணியதையே காரணமாகச் சொல்கிறார்கள். நாமோ பூனை குறுக்கே போனால் சகுனத்தடை என்று வாசலில் நின்றுவிடுகிறோம். அதே பூனை உறியின் கீழ் படுத்திருந்தால் சகுனம் ஒன்றும் கெடுவதில்லை என்பது வேறு விஷயம்!

பூனைக்காகக் கதவில் துளையிடுவது நவீனர்களின் கற்பனையும் அல்ல. இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்துப் பெரிய தேவாலயத்தில், பழைய வான்கடிகாரத்தின் கீழுள்ள கதவில் வட்டமான ஒரு துளையை இன்றும் காணலாம். கடிகாரத்தின் கயிறுகளுக்குத் தடவிய மிருகக்கொழுப்பைத் தேடி எலிகள் வந்தமையால், பூனை உள்ளே சென்று காவல் செய்யும்பொருட்டு 1598ஆம் ஆண்டில் தச்சரைக் கொண்டு இட்ட துளை அது. கொழுப்புத் தடவிய கயிற்றுக்கு வந்த எலிக்கும் கஞ்சி தோய்ந்த பாவுக்கு வருகிற எலிக்கும் நோக்கத்தில் பேதம் இல்லை.

இங்கே ஒன்றை ஒளியாமல் சொல்லிவிட வேண்டும். பூனையால் எல்லா எலியும் ஒழியும் என்று எண்ணுவது மூடநம்பிக்கை. நியூயார்க்கில் ஒரு கழிவுக் கிடங்கில் காமிராக்களை வைத்து 79 நாட்கள் கவனித்து, 2018இல் தங்கள் முடிவை வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், அங்கே திரிந்த பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே என்று கண்டார்கள். ஆனால் பூனை நடமாடிய வேளைகளில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது என்பதையும் அவர்களே கண்டார்கள். ஆகையால் சாக்கடைப் பெருச்சாளிக்குப் பொறிதான் மருந்து. தறியறைச் சுண்டெலிக்கே பூனை. பூனை இருக்கிற வீட்டில் எலி விஷம் மட்டும் கூடவே கூடாது, விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் மடியும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழக அரசு தடை செய்திருப்பது மனிதர்களின் உயிரைக் கருதித்தான் என்றாலும், பூனைகளும் அந்தப் புண்ணியத்தில் பங்கு பெறட்டும்.

கதவைத் தேர்ந்தெடுப்பதில் விற்பனைக்காரரின் வர்ணனைக்கு மயங்காமல், முதலில் பூனையை அளந்து பார்க்க வேண்டும். தோளின் அகலத்தைவிட இரண்டு விரல் கூடுதலாகத் திறப்பின் அகலம். நின்ற நிலையில் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில் திறப்பின் கீழ்விளிம்பு. நம் ஊர்ப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் அகலமும், அதைவிடச் சற்று மிகுந்த உயரமும் போதும். உட்புறத் தரைக்கும் வெளிப்புறத் தரைக்கும் படியளவு வித்தியாசம் இருந்தால், தாழ்ந்த பக்கத்தில் ஒரு செங்கல்லைப் படியாகப் பதித்துவிடலாம். கருவுற்ற பூனைக்கும் கிழப்பூனைக்கும் அது பேருதவி.

இரு பக்கமும் ஆடுகிற வெறும் தட்டு மலிவானது. ஆயினும் ஆரணித் தெருக்களில் திரிகிற கடுவன்கள் அனைத்துக்கும் அது பொதுச்சத்திரமாகிவிடும், அவை தூண்தோறும் மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போன வாடை ஒரு வாரத்துக்கும் தீராது. பூனையின் கழுத்துப்பட்டையில் காந்தம் கட்டி, அந்தக் காந்தத்துக்கு மட்டும் திறக்கிற கதவு உண்டு. ஆனால் ஊசியும் ஆணியும் சிதறிக் கிடக்கிற வீட்டில் அந்தப் பூனை கழுத்தில் ஓர் இரும்புக்கடையையே சுமந்துகொண்டு வரும். கால்நடை மருத்துவர் தோளருகே தோலின் கீழே செலுத்துகிற, அரிசி மணியளவே உள்ள சில்லின் 15 இலக்க எண்ணைப் படித்துத் திறக்கிற கதவுதான் இவற்றுள் உத்தமமானது. பேட்டரியில் இயங்குவதால் மின்வெட்டும் அதைத் தொடாது. விலையைக் கேட்டால் கூலிநெசவாளிக்கு மூச்சு நின்றுவிடும் என்பதால் அதை நான் சிபாரிசு செய்யப்போவதில்லை. போகவும் வரவும், வர மட்டும், போக மட்டும், முழுவதும் பூட்டு என்று நான்கு நிலைகளில் வைக்கத்தக்க சாதாரணக் கதவே நம் காரியத்துக்குப் போதும். அந்தி சாய்கிறபோது ‘வர மட்டும்’ என்ற நிலையில் வைத்துவிட்டால், வெளியே சுற்றுகிற பூனை சாப்பாட்டு வேளைக்கு உள்ளே வரும், திரும்பிப் போகாது. அது வந்துசேர்ந்ததும் பூட்டிவிட வேண்டியதுதான். மூலையில் ஒரு தட்டு மணல் வைப்பதை மறக்கலாகாது. கடைச்சரக்கு கிடைக்காவிட்டால், தறிக்கு மிதியும் படமரமும் செய்து பழகிய ஊர்த்தச்சருக்கு ஒரு கீலும் இரண்டு கொண்டியும் வைத்து இதைச் செய்து தருவது அரைநாள் வேலை.

இரவில் பூட்டவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பட்டைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. கட்டுவிரியன் இரவில் இரை தேடி வீடுகளுக்குள் வருகிற பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடுகிற அதன் சுபாவமும், கடித்த இடத்தில் வலியே தெரியாமல் போகிற கொடுமையும் கிராமத்தில் எல்லாருக்கும் தெரிந்தவை. தரையோரமாகத் திறந்து கிடக்கிற எந்தத் துளையும் அதற்கு அழைப்புத்தான். எனவே தட்டின் அடிவிளிம்பில் காந்தப்பட்டையோ ரப்பர்ப்பட்டையோ பொருந்தியிருப்பதும், இராக்காலத்தில் கொண்டி போட்டிருப்பதும் அவசியம். இத்தனையும் செய்துவிட்டு, பக்கத்திலேயே ஜலதாரையை வலையில்லாமல் விட்டுவைத்தால் யாரை நோவது?

பொருத்துகிற இடம் கொல்லைக்கதவாக இருக்க வேண்டும், தெருக்கதவு உதவாது. இருசக்கர வண்டிகள் பறக்கிற தெருவில் பூனையை இறக்கிவிடுவது அதற்குச் செய்கிற துரோகம். பழைய தேக்குக் கதவானால் கீழ்ப்பலகையை மட்டும் அறுக்கலாம். சட்டத்தில் ரம்பம் பட்டால் கதவே தளர்ந்துவிடும். உள்ளே பொந்தாக இருக்கிற மலிவான பிளஷ் கதவானால், அறுத்த விளிம்பைச் சுற்றி மரச்சட்டம் அடித்து மூடினாலன்றி மழைநீர் இறங்கி ஊதிவிடும். தகரக் கதவின் அறுத்த விளிம்பு கத்திக்குச் சமம். அதை மடக்கித் தட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திறப்பிலிருந்து தாழ்ப்பாள் ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருக்கிறதா என்று வெளியே உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்துவிட வேண்டும். பூனைக்கு இட்ட வழியில் திருடன் கை நுழைந்து கீழ்த்தாழை நீக்கினான் என்றால், பட்டு மிஞ்சியதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றும் இராது.

பெண்பூனை வைத்திருப்போருக்கு இன்னொரு வார்த்தை. இருட்டும் குளிர்ச்சியும் நிசப்தமும் உள்ள தறிக்குழியைவிடச் சிறந்த பிரசவ அறையை எந்தப் பூனையும் விரும்பாது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற காட்சியைத் தென்கலை ஆசாரியர்கள் மார்ஜார நியாயம் என்று சரணாகதிக்கு உவமை காட்டினார்கள். அந்தத் தத்துவத்தின் அழகு, நான்கு குட்டிகள் பாவின்மேல் ஏறி விளையாடத் தொடங்கிய தினத்தில் நெசவாளிக்கு விளங்குமென்று சொல்ல மாட்டேன். கருத்தடை அறுவையும், ஆண்டுதோறும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியும், வெளியே போய்வருகிற பூனைக்குக் கதவோடு சேர்ந்த செலவுகள் என்றே கணக்கிட வேண்டும்.

பூனை புதுக்கதவை முதலில் நம்பாது. சில நாட்கள் தட்டை மேலே தூக்கிக் கட்டி வைத்து, மறுபக்கத்தில் கருவாட்டுத் துண்டையோ தயிர்ச்சோற்றையோ, அவரவர் வீட்டு ஆசாரப்படி, வைத்து அழைத்தால் வரும். பிறகு தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தலாம். பிடித்துத் தள்ளினால் அந்தக் கதவை அது ஜன்மத்துக்கும் தீண்டாது.

இப்போது வீடு கட்டுகிறவர்களுக்கும், நெசவாளர்களுக்குத் தறிக்கூடத்தோடு வீடு கட்டித் தருகிற திட்டங்களுக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கும் இந்த யோசனை இன்னும் எளிது. 23 சென்டிமீட்டர்ச் செங்கல் சுவர் கொல்லைப்பக்கம் எழும்பும்போதே, மின்கம்பியும் குழாயும் வராத ஓர் இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டொரு கல்லை வைக்காமல் விட்டு, மேலே ஒரு கடப்பைக்கல் துண்டைத் தாங்கலாகக் கொடுத்து, மழைநீர் உள்ளே வராதபடி அடிப்பக்கம் வெளிநோக்கிச் சரிவாகப் பூசச் சொன்னால் போதும். கட்டி முடித்த சுவரைப் பின்னொரு நாள் உடைப்பதற்குக் கொடுக்கிற கூலியாவது மிச்சமாகும்.