யானை பெருகிப் போச்சா?



மலையடிவாரத் தோப்புல யானை இறங்கினால் மறுநாள் சிவகிரி முழுக்க ஒரே பேச்சு: "யானை ரொம்பப் பெருகிப் போச்சு!" தென்னையும் வாழையும் போனவங்க கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கணக்கை நான் ஒத்துக்க மாட்டேன்.

அதே யானை மூணு ராத்திரி வந்தால் மூணு யானையா? மைதானத்தில் 1 மீட்டர் சதுரமாகக் கயிறு போட்டுச் செடி எண்ணும்போது, பச்சையா இருக்கிற இடமாகப் பார்த்துப் போட்டால் மைதானமே காடுன்னு விடை வரும். இதுவும் அப்படித்தான்.

2025 மே மாதம் வனத்துறை 3 நாள் எண்ணியது. முதல் நாள், காட்டைப் பகுதிகளாகப் பிரித்து நடந்து, நேரில் பார்த்த யானைகள். அடுத்த நாள், நேர்க்கோட்டில் போய் லத்தி. சிரிக்காதீங்க! ஒரு யானை ஒரு நாளைக்கு எத்தனை தடவை லத்தி போடும், அது மக்க எத்தனை நாளாகும் என்று தெரிந்தால் யானைக் கணக்கு வந்துடும். மூன்றாம் நாள், தண்ணீர் குடிக்க வரும் இடங்கள். கர்நாடகாவிலும் அதே நாட்களில் எண்ணியதால், எல்லை தாண்டுற யானை இரண்டு தடவை கணக்கில் வருவது குறையும். தமிழ்நாட்டுக்குக் கிடைத்த விடை 3,170. 2024இல் 3,063.

கூடியிருக்கு, சரி. மாநிலம் முழுக்கவே 107தான். அந்த 107ம் நம்ம தோப்புக்கா வந்தது?

என் கருத்து இதுதான். அடிவாரத்தில் 20 தோப்பைச் சீட்டுக் குலுக்கி எடுக்கணும். தினமும் விசாரிச்சு, யானை வந்த தோப்போடு வராத தோப்பையும் எழுதணும். தோப்புக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க நம்ம பள்ளியிலேயே இருக்காங்க. ஒரு நோட்டு போதும்.